உரிந்த பூச்சு உரைக்கும் உண்மை

மரமும் இரும்பும் செய்துவந்த பல வேலைகளை இன்று இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள்கள் செய்கின்றன. யாழ்ப்பாணக் கரையிலும் நாகப்பட்டினக் கரையிலும் மீனவர் செலுத்தும் பைபர் படகுகள் நாமறிந்த எடுத்துக்காட்டாகும். அவை கண்ணாடியிழையால் ஆனவை. அவ்விழைக்குப் பதிலாகக் காபன் இழையைப் பயன்படுத்தினால், மேலும் பாரங்குறைந்த, மேலும் விறைப்பான தகடு கிடைக்கும். வலிமைமிக்க காபன் இழையை ஆக்கும் முறையொன்று 1963ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பான்பரோ நகரிலிருந்த அரச விமான ஆய்வு நிலையத்தில் உருவாக்கப்பட்டது. 1981இல் மக்லாரன் நிறுவனம் காபன் இழையாலான உடற்கூட்டைக் கொண்ட பந்தயக் காரைக் களமிறக்கியது. இன்று பாய்ப்படகு முதல் விமானம் வரை இவ்விழை பரவியுள்ளது.

இத்தகடுகளைச் செய்வோருக்குத் தலையிடி தரும் குறையொன்று உண்டு. அழகிய மேற்பூச்சு சில காலத்தில் கொப்புளமிட்டுத் தோல்போல உரிந்துவிடும். அவ்விடத்தில் மீண்டும் பூசிவிடவே பலரும் விரைவர். பூசியதும் மீண்டும் உரியும். ஏனெனில், குறை பெரும்பாலும் பூச்சில் இல்லை. பூச்சுக்கும் தகட்டுக்கும் இடையிலேயே உள்ளது. அதனைக் கண்டறியும் வழியை இங்கு நோக்குவோம்.

ஜெல்கோட் என்பது யாது?

பைபர் படகின் பளபளப்பான வெளித்தோலே ஜெல்கோட் ஆகும். இது நிறம் கலந்த கெட்டியான பிசின். பெரும்பாலும் பொலியெஸ்டர் வகையைச் சேர்ந்தது. மெழுகு தடவிய அச்சினுள் முதலில் இதனைச் சுமார் அரை மில்லிமீற்றர் தடிப்பில் பூசுவர். அது இறுகி, ஆனால் மேற்பரப்பு இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும்போதே, அதன்மேல் இழைத் துணியையும் பிசினையும் அடுக்குவர். இரண்டும் பொலியெஸ்டராயின், பூச்சில் எஞ்சிய மூலக்கூறுகள் மேலே வரும் பிசினுடன் இணைந்து ஒரே பொருளாகிவிடும். இதனை இரசாயனப் பிணைப்பு என்பர்.

காபன் இழைத் தகடுகளுக்கோ பெரும்பாலும் எப்பொக்சிப் பிசினையே பயன்படுத்துவர். பொலியெஸ்டரும் எப்பொக்சியும் இறுகும் முறைகள் வேறானவை. பொலியெஸ்டர், பெரொட்சைட்டு என்னும் ஊக்கியினால் தூண்டப்பட்டு இறுகுகின்றது. எப்பொக்சியோ அமைன் வகைப் பொருளொன்றுடன் நேரடியாகச் சேர்ந்து இறுகுகின்றது. இறுகிய எப்பொக்சியின்மேல் பொலியெஸ்டரைப் பூசினால் இரசாயனப் பிணைப்பு ஏற்படுவது அரிது. மேற்பரப்பின் கீறல்களில் பூச்சு பற்றிக்கொள்ளும் பிடிப்பு மட்டுமே மிஞ்சும். அன்றியும், எப்பொக்சியின் மேற்பரப்பில் எஞ்சிநிற்கும் அமைன், பொலியெஸ்டர் இறுகுவதையே தடுத்துவிடலாம்.

உரிந்த துண்டைப் படித்தல்

நோயை அறிந்த பின்னரே மருந்து கொடுத்தல் வேண்டும். உரிந்த துண்டை எறிந்துவிடாது, அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தல் முதற்படியாகும்.

முதலாவது, அடிப்பக்கம் கண்ணாடிபோல வழவழப்பாக இருப்பின், பூச்சு தகட்டைப் பற்றவேயில்லை என்பது தெளிவு. மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கத் தவறியிருக்கலாம். அச்சின் மெழுகு தகட்டில் ஒட்டியிருக்கலாம்.

இரண்டாவது, அடிப்பக்கம் பிசுபிசுப்பாக அல்லது மென்மையாக இருப்பின், பூச்சு இறுகவில்லை. அமைனின் தடை, ஊக்கியின் அளவுப் பிழை, குளிர் ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம். குளிர்நாடுகளில் வெப்பமற்ற கொட்டகையில் வேலை செய்வோர் கடைசிக் காரணத்தை மறத்தலாகாது. வெப்பநிலை 15 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கின், பொலியெஸ்டர் ஒழுங்காக இறுகாது.

மூன்றாவது, அடிப்பக்கத்தில் கரிய இழைகள் ஒட்டியிருப்பின், பூச்சு தன் கடமையைச் செய்துள்ளது, முறிந்தது தகடே. பிசின் போதாத இடமோ பலத்த அடியோ உள்ளதா எனத் தேடுதல் வேண்டும்.

பின்னர் நாணயமொன்றினால் தகட்டை மெல்லத் தட்டிச் செல்லுக. நன்கு ஒட்டிய இடம் கணீரென ஒலிக்கும். விட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். உரிந்த பகுதியின் உண்மையான எல்லையை இவ்வாறு அறியலாம்.

சீர்செய்யும் முறை

பிடிப்பற்ற பூச்சு முழுவதையும் அகற்றுக. எப்பொக்சி ஈரப்பதனில் இறுகும்போது, அதன்மேல் மெழுகு போன்ற அமைன் படலம் தோன்றுவதுண்டு. அது நீரில் கரைவதாகையால், முதலில் இளஞ்சூட்டு நீராற் கழுவித் துடைக்க வேண்டும். அடுத்து, அச்சின் மெழுகை அதற்குரிய கரைப்பானில் நனைத்த தூய துணியால் நீக்குக. இவற்றின் பின்னரே அரத்தாளைக் கையிலெடுத்தல் வேண்டும். முறைமாறித் தேய்த்தால், மெழுகு கீறல்களினுள் அமுங்கிவிடும். 80 முதல் 120 வரையான தர எண்ணுள்ள தாளினால், இழையை வெட்டாமல், பளபளப்பு மறையும்வரை தேய்க்குக.

இப்போது சிறிது தூய நீரைத் தெளித்துப் பார்க்கலாம். நீர் படலமாகப் பரவினால் மேற்பரப்பு தூயது. தாமரை இலைமேல் நீர்போல முத்துமுத்தாகத் திரண்டால், மெழுகோ எண்ணெயோ இன்னும் உண்டு. மீண்டும் கழுவித் தேய்க்க வேண்டும். தகட்டை நன்கு உலர்த்திய பின், எப்பொக்சியுடன் இணங்கும் ஜெல்கோட்டை அல்லது இரண்டையும் இணைக்கும் இடைப்பூச்சைத் தெரிவு செய்க. முழுத் தகட்டிலும் பூசுமுன் ஒரு மூலையில் பூசி, இறுகியபின் சோதித்தல் நன்று.

பெரியோர் மேற்பார்வையின்றி மாணவர்கள் இவ்வேலையில் இறங்கலாகாது. காபன் தூள் தோலையும் சுவாசத்தையும் உறுத்தும். பெரொட்சைட்டு கண்ணுக்குப் பெருந்தீங்கு தரும். முகமூடி, கையுறை, கண்காப்பு ஆகியன இன்றியமையாதவை.

வானத்திலும் இதே வினா

பூச்சு நன்றாக ஒட்டினாலும் இன்னொரு சோதனை உண்டு. வெப்பமேறும்போது பிசின் விரியும். காபன் இழையோ நீளவாட்டில் ஏறக்குறைய விரியாது. இவ்வேறுபாடு, வெயிலும் குளிரும் மாறிவரும்போது இடைமுகத்தை இடைவிடாது இழுக்கும். அளவுக்கு மீறித் தடிப்பான பூச்சு இதனால் வெடிக்கும்.

இதையொத்த சிக்கலொன்று விமான உலகையும் கலக்கியது. ஏ350 விமானத்தின் உடலும் சிறகுகளும் பெரும்பாலும் காபன் கூட்டுப்பொருளால் ஆனவை. மின்னலைக் கடத்துவதற்காக அதன் தகட்டுக்கும் வர்ணத்துக்கும் இடையே மெல்லிய செப்பு வலை உண்டு. 2020இன் இறுதியில் கட்டார் எயார்வேசின் விமானமொன்றை மீள வர்ணம் பூச முற்பட்டபோது மேற்பரப்புச் சிதைவு வெளிப்பட்டது. இருபதுக்கு மேற்பட்ட விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. பறப்பின் பாதுகாப்புக்குக் கேடில்லை என எயார்பஸ் நிறுவனம் கூறியது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பும் அவ்வாறே கருதியது. கட்டார் தரப்பு அதனை ஏற்கவில்லை. 2021 டிசம்பரில் இலண்டன் நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்கு, 2023 பெப்ரவரியில் இணக்கத்தில் முடிந்தது. ஒரு மில்லிமீற்றரிலும் மெல்லிய பூச்சு இரு பெரும் நிறுவனங்களை ஓராண்டுக்கு மேல் மன்றில் நிறுத்தியது.

மாணவர்களே! சிறு படகாயினும் பெரு விமானமாயினும் வினா ஒன்றே: பூச்சு எங்கே விட்டது, ஏன் விட்டது? இதற்கு விடை காணுமுன் தூரிகையை எடுப்பது, உரிந்ததை மறைப்பதாகுமேயன்றிச் சீர்செய்வதாகாது.