இருகை வாள் வாங்குதல்

ஐரோப்பாவின் பழைய போர்க்கருவிகளுள், இரு கைகளாலும் பற்றி வீசத்தக்க நீண்ட வாளுக்குத் தனியிடம் உண்டு. 14ஆம் நூற்றாண்டு தொடக்கம் 16ஆம் நூற்றாண்டு வரை ஜேர்மனியிலும் இத்தாலியிலும் அதனைக் கையாளும் முறை ஒரு கல்வியாகவே பயிலப்பட்டது. இத்தாலியரான பியோரே டெய் லிபேரி 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படங்களோடு ஆக்குவித்த சுவடிகளும், யோவாகிம் மேயர் என்பார் 1570இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் வெளியிட்ட நூலும் இன்றும் கிடைக்கின்றன. இவற்றைத் துணையாகக் கொண்டு, வழக்கொழிந்த அக்கலையை மீண்டும் பயில்வோர் மேனாடுகளில் இன்று பலர் உளர்.

பயில்வதற்கு வாள் வேண்டும். பழைய வாள்கள் நூதனசாலைகளின் கண்ணாடிப் பெட்டிகளுள் இருப்பவை. அவற்றை எடுத்து வீச எவரும் இடங்கொடார். ஆகவே அவற்றைப் பார்த்துச் செய்த மாதிரி வாள்களையே விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. இம்மாதிரிகள் இருவகைப்படும். ஒன்று சுவரில் மாட்டுதற்கான அழகுப் பொருள். மற்றையது, பழைய வாள் எப்பணியைச் செய்ததோ அப்பணியைத் தானும் செய்யவல்ல உண்மையான வாள்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்தால், பழக்கமில்லாதவர் கண்ணுக்கு அழகுவாளே மேலானதாகத் தோன்றும். அது கண்ணாடிபோல் பளபளக்கும்; அதன் பிடியிலே சிங்கத்தலையோ கழுகுத்தலையோ இருக்கும்; விலையும் குறைவு. ஆனால் அதனை ஓங்கி ஒருமுறை வீசினால் அலகு ஒடிந்து பிடியினின்றும் பறந்துவிடக்கூடும். முக்கால் மீற்றருக்கு மேற்பட்ட எஃகுத்தகடு ஒன்று, ஆட்கள் நிற்கும் முற்றத்தில் எங்கே போய் விழும் என்று யாரால் கூற முடியும்? இங்கே ஏமாறுவோர் இழப்பது பணத்தோடு நின்றுவிடுவதில்லை. வாளின் தரத்தை முடிவு செய்பவை பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத இடங்களிலேயே இருக்கின்றன. அவை யாவை என்று அறிந்தவரே விற்பவரிடம் சரியான வினாக்களைக் கேட்க முடியும்.

முதற்கண் எடையைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை அகற்றிக்கொள்ளல் வேண்டும். இருகை வாள் என்றதும் தூக்கவே இயலாத பாரம் என்று பலர் கருதுவர். கதைகளும் திரைப்படங்களும் அவ்வெண்ணத்தை வளர்த்துவிட்டன. இலண்டனில் உள்ள வலஸ் சேகரத்திலும், லீட்ஸ் நகரில் உள்ள ரோயல் ஆமரிஸ் நூதனசாலையிலும் காணப்படுவன போன்ற பழைய நீண்ட வாள்கள் பெரும்பாலும் 1.1 முதல் 1.8 கிலோகிராம் வரையே நிறையுடையன. அதாவது இரண்டரை இறாத்தலுக்கும் நான்கு இறாத்தலுக்கும் இடைப்பட்டவை. முழு நீளம் ஏறத்தாழ 110 முதல் 130 சென்ரிமீற்றர். 16ஆம் நூற்றாண்டு ஜேர்மன் கூலிப்படையினர் ஏந்திய பெருவாள்கள் இவற்றினும் பெரியன. எனினும் போருக்கென்று செய்யப்பட்டவை பெரும்பாலும் மூன்றரைக் கிலோகிராமைத் தாண்டுவதில்லை. அதற்கு மேற்பட்ட பாரமுடையவை ஊர்வலங்களில் தூக்கிச் செல்வதற்கென்றே ஆக்கப்பட்டவை. ஆகவே, சாதாரண நீண்ட வாள் என்று கூறி மூன்று கிலோகிராம் நிறையுள்ள பொருளை ஒருவர் விற்க வந்தால், அதனைச் செய்தவர் பழைய வாள் ஒன்றையேனும் கையால் தொட்டுப் பார்த்திரார் என்று கொள்வதில் தவறில்லை.

அடுத்தது எஃகு. கிராமத்துக் கொல்லர் கத்திக்குத் தோய்ச்சல் இடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் உண்மை எளிதில் விளங்கும். நல்ல வாளுக்குரிய எஃகில் நூற்றுக்கு அரைப்பங்கு தொடக்கம் ஒரு பங்கு வரை கரி கலந்திருக்கும். அதனை 800 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சி எண்ணெயில் தோய்ப்பர். உடனே அது மிகக் கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல நொறுங்கும் தன்மையும் உடன்வரும். அதனால் மீண்டும் சில நூறு பாகை வெப்பத்தில் வைத்து அதன் முறுக்கைச் சற்றே தளர்த்துவர். இந்த இரண்டாம் சூட்டிலேதான் வாளின் உயிர் இருக்கிறது. அது குறைந்தால் வாள் ஒடியும். மிகுந்தால் வளைந்தபடியே நின்றுவிடும். சரியாக அமைந்தால், அலகை வில்போல வளைத்து விட்டதும் மீண்டும் நேராகும்.

விற்பவர்கள் எஃகை எண்களால் குறிப்பிடுவர். 1060, 1075, 1095 என்னும் எண்களில் கடைசி இரண்டு இலக்கங்கள் கரியின் அளவைக் காட்டுவன. 1075 என்றால் நூற்றுக்கு 0.75 பங்கு கரி. 5160 என்பது குரோமியம் சிறிது கலந்த வில்லெஃகு. லொறிகளின் அடியிலுள்ள வில்தகடுகளும் இவ்வகை எஃகினால் ஆனவையே. இவை யாவும் வாளுக்கு உகந்தவை. எனினும் எண்ணை மாத்திரம் கேட்டு மன அமைதி அடைதல் கூடாது. நல்ல எஃகைத் தவறாகச் சூடேற்றிக் கெடுப்பது மிக எளிது. சூடேற்றிய பின் கடினம் எவ்வளவு என்று வினவுதல் வேண்டும். ரொக்வெல் சி அளவையில் 48 முதல் 54 வரை என்பது நீண்ட வாளுக்கு ஏற்ற விடையாகும். துருப்பிடியா எஃகு என்று பெருமையாகச் சொல்லப்படுமாயின் அவ்வாளைச் சுவரோடு விட்டுவிடலாம். சமையற் கத்திக்கு அது நல்லது. ஒரு மீற்றர் நீள அலகாகி மோதலுக்கு உள்ளாகும்போது பெரும்பாலும் தாங்குவதில்லை.

மூன்றாவது, பிடிக்குள் மறைந்திருக்கும் காம்பு. அலகும் காம்பும் ஒரே எஃகாய் அமைந்து, பிடியின் உள்ளே அகலமாகச் சென்று, கடைசியிலுள்ள குமிழை ஊடுருவி வெளிவந்து, அங்கே அடித்து மடக்கப்பட்டிருத்தல் பழைய முறை. திருகாணியால் இறுக்கும் முறையும் இன்று வழங்குகின்றது; நன்றாகச் செய்யப்பட்டால் அதில் குற்றமில்லை. அழகுவாள்களிலோ, அலகின் அடியில் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டவைத்து அதனையே காம்பாக்கிவிடுவர். எலிவால் என்று இதனை ஏளனமாகக் கூறுவர். வீச்சின் முழு வேகமும் அந்த ஒட்டிலே போய்த் தங்குகிறது, முறிவதும் அங்கேதான். விற்பவர் காம்பின் படத்தைக் காட்ட மறுத்தால், அம்மறுப்பே போதிய விடை.

அலகின் தடிப்பையும் கவனித்தல் வேண்டும். நல்ல வாளின் அலகு கைகாப்பின் அருகே ஐந்து ஆறு மில்லிமீற்றர் தடித்திருந்து, நுனியை நோக்கிப் படிப்படியாக மெலிந்து செல்லும். இதனாலேயே நீண்ட அலகும் கைக்கு இலேசாகிறது. மலிவான வாள்கள் ஒரே தடிப்புள்ள தகட்டிலிருந்து வெட்டப்பட்டவை. அவை இரும்புச் சட்டத்தைத் தூக்குவதுபோல நுனிப்பாரம் கொண்டிருக்கும். விரல்மேல் வைத்துச் சமநிலை பார்த்தால், அப்புள்ளி கைகாப்பிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அமைதல் பொதுவாக நன்று. பழைய அலகுகளை அவற்றின் வடிவம் கொண்டு வகைப்படுத்தியவர் யூவாட் ஓக்சொட் என்னும் ஆங்கிலேயர். 1960இல் வெளிவந்த அவருடைய நூலின் எண்களையே விற்பவர்கள் இன்றும் கையாளுகின்றனர். 12ஏ என்பது வெட்டுதற்கேற்ற அகன்ற அலகு. 15ஏ என்பது கவசத்தின் இடுக்குகளிற் குத்துதற்கேற்ற, நுனி ஒடுங்கிய அலகு. இக்காலத்தில் சுவீடன் தேசத்துக் கொல்லர் பீற்றர் யோன்சன் நூதனசாலை வாள்களை நுணுக்கமாக அளந்து ஆராய்ந்தவர். அவர் வகுத்தளித்த வடிவங்களை அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் உள்ள அல்பியன் நிறுவனம் வாள்களாகச் செய்கின்றது. இத்தகைய வாளின் விலை ஆயிரம் டொலரைத் தாண்டும். நூற்றுக்கணக்கான டொலருக்கும் நம்பத்தக்க வாள்கள் உண்டு. ஐம்பது டொலருக்குக் கிடைப்பதை வாள் என்று சொல்லாதிருப்பதே நலம்.

இவையெல்லாம் சரியாக அமைந்திருப்பினும், எதற்காக வாங்குகிறோம் என்ற வினா எஞ்சி நிற்கின்றது. நனைத்துச் சுருட்டிய பாயை வெட்டிப் பழகுவதற்குக் கூர்வாள் வேண்டும். தனியே நின்று அடிவைப்புப் பயில்வதற்குக் கூர்மழுங்கிய வாள் போதும். எதிராளியோடு பொருது பயில்வதற்கு உரியது, ஜேர்மானியர் பெடர் என்று வழங்கும் மெல்லிய பயிற்சிவாள். அது விளிம்பு மழுங்கி, நுனி உருண்டு, குத்தும்போது வளைந்து கொடுக்கும். மேயரின் நூற்படங்களிலே மாணவர் கையிற் காணப்படுவதும் அதுவே. அதனோடும் முகக்கவசமும் தடித்த கையுறையும் இன்றிப் பொருதல் ஆகாது. கூர்வாளோடு தோழனை எதிர்த்துப் பயில முயல்வது கொலைக்கு ஒத்திகை பார்ப்பதாகும்.

சட்டத்தையும் முன்னரே அறிந்துகொள்ளல் வேண்டும். பிரித்தானியாவில் 18 வயது நிரம்பாதவருக்கு வாள் விற்றல் குற்றம். தக்க காரணமின்றிப் பொதுவிடத்தில் அதனைக் கொண்டு திரிதலும் குற்றம். அங்கே 2008இல் வளைந்த வாள்கள் பலவற்றின் விற்பனை தடைசெய்யப்பட்டது. நேரான அலகுடைய நீண்ட வாள் அத்தடையில் அடங்கவில்லை. பிறநாடுகளில் விதிகள் வேறுபடும். கடல் கடந்து வருவிப்போர், பணம் செலுத்துமுன் தம் நாட்டுச் சுங்கத்தாரிடம் கேட்டறிதல் நன்று. சுங்கத்தில் பறிபோன வாளுக்கு விற்றவர் பொறுப்பேற்பதில்லை.

வாள் கைக்கு வந்தபின் அதனைப் பேணுதல் பெருந்தொழில் அன்று. கரியெஃகு வியர்வை பட்டாலே துருவேறும். ஆகவே தொட்ட ஒவ்வொரு முறையும் துணியால் துடைத்து, மெல்லிய இயந்திர எண்ணெய் பூச வேண்டும். தோலுறையில் இட்டு நெடுநாள் வைத்தல் ஆகாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வீசத் தொடங்குமுன் குமிழையும் கைகாப்பையும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். சிறிது அசைந்தாலும், கலகலவென்று ஒலித்தாலும், அன்று அந்த வாளை எடுக்கலாகாது.