தவிர்ப்பா, ஏய்ப்பா? - ஒரு சொல்லின் விலை



வரி கட்டாத வியாபாரத்துக்குக் கடைவீதியில் பல பெயர்கள் உண்டு. ‘இரண்டாம் நம்பர்’ என்போம். ‘பில் இல்லாத சரக்கு’ என்போம். சட்டம் சொல்லும் பெயர் ‘வரி ஏய்ப்பு’. இதனுடன் ‘வரி தவிர்ப்பு’ என்ற சொல்லை நம்மில் பலர் குழப்பிக்கொள்கிறோம்.

ஏய்த்தல் என்றால் ஏமாற்றுதல். ‘ஊரை ஏய்த்துப் பிழைக்கிறான்’ என்கிறோமே, அதே சொல்தான். தவிர்த்தல் என்றால் விலக்குதல். முதலாம் குலோத்துங்கன் (1070–1120) சுங்கத்தை நீக்கியதால் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் புகழ் பெற்றான். தவிர்ப்பில் ஒளிவு மறைவு இல்லை. ஏய்ப்பில் அதுவே மூலதனம்.

ஆண்டு விற்பனை 1.5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட வியாபாரி, உரிய நிபந்தனைகளுடன் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்து 1 சதவீத ஜி.எஸ்.டி. கட்டலாம். இது சட்டமே திறந்துவிட்ட வழி. அந்த வரம்புக்குள் இருப்பதாகக் காட்டப் பாதி விற்பனையைக் கணக்கில் எழுதாமல் விட்டால் அது ஏய்ப்பு. சட்ட வரம்புக்குள் வரியைத் திட்டமிடலாம், போலி ஏற்பாடுகள் திட்டமிடல் ஆகா என்று மெக்டவல் வழக்கில் 1985-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

இந்த வேறுபாடு நம் கல்லாப்பெட்டியைத் தொடுகிறது. 2024–25 நிதியாண்டு முதல் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 74ஏ பிரிவு நடைமுறையில் உள்ளது. கணக்கில் தவறி வரி குறைந்திருந்தால் அபராதம் வரியில் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது. நோட்டீஸ் வந்த 60 நாளுக்குள் வரியையும் வட்டியையும் கட்டிவிட்டால் அந்த அபராதமும் இல்லை. ஏய்க்கும் நோக்கத்துடன் மறைத்தது என்று முடிவானால் அபராதம் வரிக்குச் சமம். 2 லட்சம் ரூபாய் வரி குறைந்த இடத்தில், தவறு என்றால் 20,000. ஏய்ப்பு என்றால் 2 லட்சம்!

ஆகவே நோட்டீஸ் வந்தால் முதலில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டலில் நேர்ந்த பிழைக்குப் பதில் எழுதும்போது, பணிவு காட்டுவதாக எண்ணி ‘ஏய்ப்பை மன்னிக்கவும்’ என்று எழுதிவிடாதீர்கள். நடந்ததை நடந்தபடி, பில்களுடன் எழுதுங்கள். ஆடிட்டரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள்.

கணக்கு நேராக இருந்தால் எந்தச் சொல்லுக்கும் நாம் அஞ்ச வேண்டியதில்லை.