மஞ்சள் கதிரின் மகிமை
காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் மக்காச்சோளம் வாங்கும் நம்மவர்கள் மஞ்சள் கதிராகப் பார்த்து வாங்குவது நலம். அந்நிறம் தரும் கரோட்டின் வகைகளில் சில, உடலில் வைட்டமின் ‘ஏ’ ஆகின்றன, கண்ணுக்கு நல்லவை. சாதாரண ரகத்தில் இவை கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான். டில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் வீரிய ஒட்டு ரகமான ‘பூசா விவேக் கியூபிஎம் 9 இம்ப்ரூவ்டு’, 8.15 மில்லிகிராம் கொண்டது. கர்நாடகம், தமிழ்நாடு ஆகியவற்றுக்கும் ஏற்றதென 2017-ல் வெளியிடப்பட்டது.

ரகம் எதுவாயினும், வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என அஞ்ச வேண்டாம். 2002-ல் அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்தார் ஸ்வீட் கார்னை 115 டிகிரியில் 25 நிமிடம் சூடாக்கினர். வைட்டமின் ‘சி’ குறைந்தது. ஆனால் ஃபெருலிக் அமிலம் விடுபட்டு, உயிரணுக்களைக் காக்கும் ஆன்டிஆக்சிடன்ட் சக்தி 44 சதவீதம் கூடியது. கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். வெந்த கதிரில் சிறிது வெண்ணெய் தடவி உண்க.