பிரிட்ஜைப் பாலமாக்காத ஊர்

இலங்கை மலையகத்தின் அட்டன் பஸ் நிலையத்தில் நடத்துனர் “நோட்டன், நோட்டன்” என்று கூவுவார். முழுப் பெயர் நோட்டன் பிரிட்ஜ். பிரிட்ஜ் என்றால் பாலம் என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் நோட்டன் பாலத்துக்கு ஒரு டிக்கெட் என்று கேட்டவர் எவருமில்லை.

ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயரோ சிங்களம்: கெஹெல்கமு ஓயா. ‘கெஹெல்’ வாழை, ‘கம’ ஊர், ‘ஓயா’ ஆறு. பக்கத்து அம்பகமுவவில் ‘அம்ப’ மா. கினிகத்தேனை, தீப்பற்றிய சேனைப் பயிர்நிலம். மண்ணையும் மரத்தையும் பார்த்து வைத்த பெயர்கள் இவை. முதலாம் விஜயபாகு மன்னனின் கல்வெட்டு அம்பகமுவவில் இருக்கிறது. கோப்பிக் கன்று வந்ததோ அதற்கு ஏழு நூற்றாண்டுக்குப் பிறகு.

கோப்பித் துரைமார் ஊர் நினைப்போடு வந்தவர்கள். ஸ்கொட்லாந்தின் அபர்டீன் இங்கே ஓர் அருவி. டன்கெல்ட் ஒரு தோட்டம். அபர்டீன்ஷயரிலுள்ள சிற்றூரான ஹட்டன் இங்கே நகரமாகி, தோட்டத்தார் வாயில் அட்டனானது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. பெயர்களை யாரும் தொடவில்லை.

மின்சாரமும் தன் பங்குக்குப் பெயர் வைத்தது. இந்தப் பக்கத்து ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே கணக்குக் காட்டியவர் பொறியியலாளர் விமலசுரேந்திர. நோட்டன் அணை எழ 1950 ஆயிற்று. 1965இல் இங்கே இயங்கத் தொடங்கிய மின்நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது. அதற்கு நீர் தரும் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கோ அயர்லாந்துப் பெயர்!

இத்தனைக்கும் நடுவே, காடழித்துத் தேயிலை நட்ட தமிழர் வைத்த பெயர் எங்கே? காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நின்று கேட்க வேண்டும். “இன்னைக்குப் பத்தாம் நம்பர் மலை” என்பார் கங்காணி. அங்கே ‘மலை’ என்றால் சிகரமல்ல, கொழுந்தெடுக்கும் தேயிலைத் துண்டு. ‘கணக்கு’ என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. மேல் கணக்கு, கீழ் கணக்கு, கோயில் மலை என்று தோட்டத்துக்குத் தோட்டம் இப்படி ஒரு வரைபடம் வாயிலேயே இருக்கிறது. நில அளவைத் தாளில் இவை ஏறியது அபூர்வம். இது சின்னக் குறையல்ல.

சில பெயர்கள் இடமே மாறிவிடும். மவுசாகலை நீர்த்தேக்கம் 1969இல் நிரம்பியபோது மஸ்கெலியா நகரம் மூழ்கியது. மேட்டில் எழுந்த புது நகரம் அதே பெயரை எடுத்துக்கொண்டது. கடும் வரட்சியில் நீர் இறங்கினால் பழைய கோவிலின் சுவர்கள் வெளியே தெரியும். பார்க்கப் போகிறவர்கள், “பழைய மஸ்கெலியாவுக்குப் போறோம்” என்றுதான் சொல்வார்கள்.