பழகிய கைக்குப் புதிய பாடம்

அமெரிக்காவில் செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானங்களை ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்களில் ஒரு பகுதியினர், ஒரு கட்டத்தில் அவற்றை விட்டுவிட்டு அல்ட்ராலைட்டுக்கு மாறுகிறார்கள். அதற்கான காரணங்கள் நியாயமானவை. விமானப் பெட்ரோல், ஹேங்கர் வாடகை, ஆண்டுதோறும் செய்தாக வேண்டிய பரிசோதனை எல்லாம் சேர்ந்து கையைக் கடிக்கின்றன. வயது ஏற ஏற மருத்துவச் சான்று கிடைக்குமா என்ற கவலையும் கூடுகிறது. அல்ட்ராலைட்டுக்கு இவை எதுவும் தடையில்லை. 1982-இல் வந்த அமெரிக்க விமான விதிகளின் 103-ஆம் பகுதி, அதற்குச் சில வரம்புகளை மட்டுமே வைத்திருக்கிறது. எஞ்சின் பொருத்திய ஊர்தி ஒற்றை இருக்கை கொண்டதாகவும், வெற்று எடை 254 பவுண்டுக்குள், அதாவது சுமார் 115 கிலோவுக்குள் அடங்குவதாகவும் இருக்க வேண்டும். எரிபொருள் 5 கேலனைத் தாண்டக் கூடாது. வேகம் 55 நாட், அதாவது மணிக்கு சுமார் 100 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தால் ஓட்டுபவரிடம் உரிமம், மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று எதுவும் கேட்கப்படாது. இந்தச் சலுகைதான் ஆபத்தான ஓர் எண்ணத்துக்கும் இடம் கொடுக்கிறது. பெரியதையே ஓட்டியவனுக்கு இது எம்மாத்திரம் என்று தோன்றிவிடுகிறது. அந்த எண்ணம் தவறு. சட்டம் கேட்காவிட்டாலும், அனுபவமுள்ள பைலட் அல்ட்ராலைட்டைத் தனியாக எடுக்கும் முன் மறுபடியும் மாணவராக உட்கார வேண்டும். பறந்த மணிக்கணக்கு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது பயிற்சிக்கு ஈடாகாது.

அல்ட்ராலைட்டைக் குட்டி விமானம் என்று நினைப்பதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. அது விமானத்தைச் சுருக்கிச் செய்த பொருள் அல்ல. மலைச்சரிவிலிருந்து ஓடிக் குதித்துப் பறக்கும் ஹேங் கிளைடருக்கு எஞ்சின் மாட்டியதில் பிறந்தது அது. 1975-இல் ஜான் மூடி என்ற அமெரிக்கர், இக்காரஸ் 2 என்ற கிளைடரில் சிறு எஞ்சின் ஒன்றைப் பொருத்தி, சமதரையில் தன் காலால் ஓடியே மேலே எழுந்தார். மறு ஆண்டு ஆஷ்கோஷ் விமானத் திருவிழாவில் அதைப் பறந்து காட்டியதும் ஆர்வம் நாடெங்கும் பரவியது. குழாய்ச் சட்டமும், கம்பி இழுவைகளும், துணி போர்த்திய இறக்கையும், காற்றில் திறந்து கிடக்கும் இருக்கையும் அந்த வம்சத்தின் அடையாளங்கள். இவை ஊர்தியை இலகுவாக்குகின்றன. கூடவே காற்றுத்தடையையும் கூட்டுகின்றன. எடை குறைவு, தடை அதிகம் என்ற இந்தச் சேர்க்கையில்தான் எல்லா வேறுபாடும் அடங்கியிருக்கிறது.

தரையை விட்டு எழுந்து ஏறிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செஸ்னா 172 சுமார் 74 நாட் வேகத்தில், நிமிடத்துக்கு 700 அடி வீதம் ஏறுகிறது. சறுக்கும்போது ஓர் அடி இறங்க ஏறக்குறைய ஒன்பது அடி முன்னே போகும். பைலட் எதுவுமே செய்யாமல் மூக்கை அப்படியே பிடித்திருந்தாலும், வேகம் 48 நாட்டுக்குக் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் நிலையைத் தொட சுமார் 7 வினாடி ஆகும். அதே வீதத்தில் 35 நாட்டில் ஏறும் ஓர் அல்ட்ராலைட், ஓர் அடி இறங்க ஆறு அடிதான் முன்னே போகும் என்று கொள்வோம். அதன் ஸ்டால் வேகம் 103-ஆம் பகுதி அனுமதிக்கும் உச்சமான 24 நாட். இதே கணக்கைப் போட்டால் அங்கே கிடைப்பது 2 வினாடிக்கும் குறைவு. செஸ்னா பைலட்டுக்கு எஞ்சின் சத்தம் நின்றதை உணர்ந்து, திகைத்து, பிறகு மூக்கைத் தாழ்த்த நேரம் இருக்கிறது. அல்ட்ராலைட்டில் திகைப்பதற்கு நேரமில்லை. சத்தம் நின்ற கணமே மூக்கு கீழே போக வேண்டும். ஆயிரம் மணி நேரம் பறந்தவரின் உடலில் பதிந்திருப்பது அந்த 7 வினாடிப் பழக்கம்தான்.

அந்தக் கணம் அபூர்வமாக வருவது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பல அல்ட்ராலைட்டுகளில் இருப்பது ரோட்டாக்ஸ் 503 போன்ற இரு ஸ்ட்ரோக் எஞ்சின். இது பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓடுவது, இலகுவானது, எடைக்கு நல்ல விசை தருவது. ஆனால் 300 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துச் சீர்செய்ய வேண்டும். செஸ்னாவின் நான்கு ஸ்ட்ரோக் லைக்காமிங் எஞ்சினுக்கு அந்த இடைவெளி சுமார் 2,000 மணி. இரு ஸ்ட்ரோக் எஞ்சின் எதிர்பாராமல் நின்றுவிடக்கூடியது என்று ரோட்டாக்ஸின் கையேடுகளே எச்சரிக்கின்றன. அதனால் எஞ்சின் நின்றால் இறங்கக்கூடிய ஒரு வயலை எப்போதும் எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு பறப்பது இங்கே அன்றாட ஒழுக்கம்.

தரையிறங்குவதிலும் இதே கதைதான். தரையை நெருங்க நெருங்க எதிர்க்காற்று குறையும். அது சடாரென்று 10 நாட் குறைந்தால், 65 நாட்டில் வரும் செஸ்னா 55-க்கு இறங்கும். இன்னும் மிச்சம் இருக்கிறது. 35-இல் வரும் அல்ட்ராலைட் 25-க்கு வந்து ஸ்டாலின் விளிம்பில் நிற்கும். பெரிய விமானத்தில் த்ராட்டிலை மூடிவிட்டு மூக்கைத் தூக்கிப் பிடித்தால் அது ஓடுபாதைக்கு மேலே கொஞ்ச தூரம் மிதக்கும். இங்கே மிதப்பதற்கு வேகம் கையிருப்பில் இல்லை. மூக்கை நிமிர்த்துவது சற்றுத் தாமதமாக, தரைக்கு மிக அருகில் நடக்க வேண்டும்.

எடையை நகர்த்தி ஓட்டும் டிரைக் வகைக்கு மாறுபவருக்குச் சிக்கல் இன்னும் கூர்மையானது. விமானத்தில் கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளினால் மூக்கு தாழும். டிரைக்கில் குறுக்குச் சட்டத்தை முன்னே தள்ளினால் மூக்கு உயரும். சட்டத்தை வலப்பக்கம் நகர்த்தினால் ஊர்தி இடப்பக்கம் திரும்பும். தரையில் வலது காலால் அழுத்தினால் முன்சக்கரம் இடப்பக்கம் போகும். நிதானமாக இருக்கும்போது இவற்றையெல்லாம் மூளை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் தரைக்கு 50 அடி மேலே வேகம் குறைந்துவிட்டால் கை தன் பழைய பழக்கத்துக்குத் திரும்பி, சட்டத்தை முன்னே தள்ளும். காப்பாற்ற வேண்டிய அசைவே ஸ்டாலுக்குள் தள்ளிவிடும். புதிதாகக் கற்பவரிடம் அழிக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. அனுபவசாலியோ பழையதை அடக்கிக்கொண்டே புதியதைக் கற்க வேண்டியிருக்கிறது.

பழைய அனுபவம் பயனற்றதா என்று கேட்கலாம். நிச்சயமாக இல்லை. வானிலையைக் கணித்து இன்று பறக்க வேண்டாம் என்று முடிவெடுப்பது, வான்வெளி விதிகள், பறக்கும் முன் சரிபார்க்கும் பழக்கம் எல்லாம் அப்படியே உதவும். தீர்மானிக்கும் அறிவு கூடவே வருகிறது, கையின் பழக்கம்தான் வருவதில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் முன்னதன் மீதுள்ள நம்பிக்கை பின்னதன் மீதும் படிந்துவிடுகிறது.

மெதுவாகப் பறப்பதுதானே, விழுந்தாலும் பெரிதாக என்ன ஆகிவிடும் என்பது இன்னொரு வாதம். வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும் என்பது உண்மை. கட்டுப்பாட்டோடு ஒரு வயலில் இறங்குபவருக்கு அது உயிர் காக்கும் வசதி. ஸ்டாலாகி விழுபவருக்கு அது பொருந்தாது. 30 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடலுக்கு, அதற்கு முன் எவ்வளவு மெதுவாகப் பறந்தது என்பதால் பயனில்லை. அவரைச் சுற்றித் தாங்கிக்கொள்ள உலோகக் கூடும் இல்லை.

சட்டமே கேட்காததை நாம் ஏன் சுமத்த வேண்டும் என்பதும், ஒற்றை இருக்கையில் பயிற்றுநர் எங்கே உட்காருவார் என்பதும் அடுத்த கேள்விகள். ஆஸ்திரேலியாவில் விமான உரிமம் உள்ளவரும் இந்த வகைக்கு மாறும்போது குறைந்தது 5 மணி நேரம் பறந்து தேற வேண்டும்; பிரிட்டனிலும் வேறுபாட்டுப் பயிற்சி கட்டாயம். இயற்பியல் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. அமெரிக்கச் சட்டம் மௌனமாக இருப்பது பயிற்சி தேவையில்லை என்பதால் அல்ல. அந்தப் பொறுப்பைப் பறப்பவரிடமே விட்டிருக்கிறது. இருக்கைச் சிக்கலுக்கும் வழி உண்டு. அதே குணமுடைய இரு இருக்கை இலகு விமானத்தில், அந்த வகையை ஓட்டித் தேர்ந்த பயிற்றுநருடன், எஞ்சின் நிறுத்தத்தையும் தரையிறக்கத்தையும் கை தானாகச் செய்யும்வரை பழகலாம். சில மணி நேரப் பயிற்சிக்கான செலவு, ஊர்தியின் விலையோடு ஒப்பிட்டால் சிறியது.

உரிமம் இல்லாமல் பறக்கும் உரிமை அரிய உரிமை. அது நீடிக்க வேண்டும். ஒவ்வொரு விபத்தும் அதைச் சுருக்கக் கேட்பவர்களின் கையை வலுப்படுத்தும். ஆகவே அல்ட்ராலைட் சங்கங்களும் விற்பனையாளர்களும், வருபவரின் பதிவேடு எவ்வளவு தடிமனாக இருந்தாலும், பயிற்றுநரின் ஒப்புதல் இல்லாமல் முதல் தனிப் பறப்புக்கு அனுமதிக்கக் கூடாது. மாறுகிற பைலட்டும் அதை அவமானமாகக் கருதாமல், தானே முன்வந்து கேட்க வேண்டும்.