அலிபாபா குகையும் ஜப்பானியச் சித்திரக் கதைகளும்

சேலம் மாநகரிலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்குமுன்னரே, பழைய வளைவு வாயில் ஒன்று நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். டி.ஆர். சுந்தரம் அவர்கள் 1930களின் நடுவில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவாயில் அது. சேர்வராயன் மலையும் காடும் அருகிலிருந்தமை வெளிப்புறக் காட்சிகளுக்கு வாய்ப்பாக அமைந்தது. நிலையம் மறைந்தது, வாயில் எஞ்சியது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956ஆம் ஆண்டு பொங்கலன்று வெளிவந்தது இந்நிறுவனத்தின் படைப்பாகவே. எம்.ஜி.ஆர். அலிபாபாவாகவும், பானுமதி மர்ஜியானாவாகவும், பி.எஸ். வீரப்பா திருடர் தலைவனாகவும் நடித்த அப்படத்தை நம் சமுதாயப் பெரியோர் பலர் இன்றும் நினைவுகூர்வர்.

அதே கதை கீழைக் கடல் கடந்து ஜப்பானுக்குச் சென்று என்ன உருக்கொண்டது என்பதை ஈண்டு நோக்குவோம். இதற்குக் காரணம் உண்டு. நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவருள் பலர் மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக் கதைகளையும், அனிமே எனப்படும் அசைவூட்டப் படங்களையும் ஆர்வத்துடன் நுகர்கின்றனர். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' வரிசைப் படமொன்று தமிழ்க் குரலுடன் திரையரங்குகளுக்கே வந்துவிட்டது. இவை இளையோரைக் கெடுக்குமோ எனப் பெற்றோர் அஞ்சுகின்றனர். இவற்றின் சுவையறியார்க்குப் பேசவே உரிமையில்லை என மாணவர் கருதுகின்றனர். இரு சாராரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்பதே நமக்குப் பெருங்குறையாகத் தோன்றுகிறது.

மங்கா பெரும்பாலும் வார, மாத இதழ்களில் கறுப்பு வெள்ளையில் தொடராக வெளிவந்து, பின்னர் நூல் தொகுதிகளாகக் கட்டப்பெறுவது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இதழில் வாரந்தோறும் வளர்ந்ததை ஒத்தது இது. ஆயின் அப்புதினம் திரையைக் காண 2022 வரை காத்திருக்க நேர்ந்தது. ஜப்பானிலோ தொடர் முடியுமுன்னரே அது தொலைக்காட்சிக்குப் போய்விடும். இவ்வழக்கத்திற்கு வித்திட்டவர் ஒசாமு தெசுகா. தாம் வரைந்த 'ஆஸ்ட்ரோ பாய்' கதையை 1963 சனவரி முதல் நாள் தொடங்கி வாரத் தொடராக அவர் ஒளிபரப்பச் செய்தார். திரையில் ஒரு நொடிக்கு 24 படச் சட்டங்கள் ஓடவேண்டும். அத்தனையும் வரைந்தால் வாரம் ஒரு பகுதி முடியாது. ஆகவே ஒரே ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி, வாய் மட்டும் அசைய, உடல் அசையாதிருக்கச் செய்து வேலையைச் சுருக்கினர். அனிமேயில் பாத்திரங்கள் அசையாது நின்று நெடுநேரம் பேசுவதைக் கண்டு நகைப்போர் இச்சிக்கனத்தை அறிதல் நன்று.

இனி அலிபாபாவுக்கு வருவோம். 'ஆயிரத்தோர் இரவுகள்' என்ற தொகுப்பின் பழைய அரபுச் சுவடிகளில் அலிபாபா கதை இல்லை. அலெப்போ நகரத்துக் கிறித்தவராகிய ஹன்னா தியாப் என்பார் 1709இல் பாரிசில் வாய்மொழியாகக் கூற, அதனைக் கேட்ட அந்துவான் காலாந்து பிரெஞ்சு மொழியில் விரித்தெழுதித் தம் தொகுப்பில் சேர்த்தார். அலாவுதீன் கதையும் அவ்வாறு வந்ததே. எனவே, 'மூலக் கதையைச் சிதைத்துவிட்டனர்' என்று ஜப்பானியரைக் குறைகூறுமுன், அம்மூலமே ஒரு வழிப்போக்கர் சொல்ல மற்றொருவர் மாற்றியெழுதியது என்பதை மறத்தலாகாது.

தோயே நிறுவனம் 1962இல் சிந்துபாத் கதையை முழுநீள அசைவூட்டப் படமாக்கிற்று. அதன் திரைக்கதையில் தெசுகாவுக்கும் பங்குண்டு. அந்நிறுவனமே 1971இல் எடுத்த அலிபாபா படந்தான் நம்மை வியக்கவைப்பது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஹயாவோ மியாசாகி இளைஞராகப் பணியாற்றிய படம் அது. அதில் அலிபாபாவின் வழித்தோன்றல் பேராசை கொண்ட கொடுங்கோலன். திருடர் தலைவனின் வழித்தோன்றலோ பூனைகளைத் துணைக்கொண்டு போராடும் நாயகச் சிறுவன்! குகையிலிருந்த பொருள் திருடர்க்கும் உரியதன்று, எடுத்தவனுக்கும் உரியதன்று. அது பறிகொடுத்தவர்க்கே உரியது. சிறுவயதில் நம்மில் பலர் கேட்கத் தவறிய வினாவை ஒரு கேலிச்சித்திரப் படம் கேட்டுவிட்டது.

நம் மாணவர் இன்று அறிந்திருப்பது 'மாகி' என்னும் மங்காவை. ஷினோபு ஓதாகா என்ற பெண் ஓவியர் 2009 முதல் 2017 வரை வார இதழில் வரைந்த இது 37 தொகுதிகளாக நிறைவுற்றது. அனிமே வடிவம் 2012 முதல் 2014 வரை இரு பருவங்களாக, பருவத்திற்கு 25 பகுதிகளாக வந்தது. கதை நடுவழியில் நிற்கையிலேயே அத்தொடர் நின்றுவிட்டமையால், திரையில் மட்டும் கண்டோர் பாதிக் கதையே அறிந்தோராவர். பின்னர் சிந்துபாதின் இளமையைக் கூறும் கிளைத்தொடர் ஒன்றும் 2016இல் வெளிவந்தது.

சென்ற கல்விச் சுற்றுலாவில் ஏற்காட்டுக் கரடிக் குகையின் முன் நின்றபோது மாணவர் சிலர் 'டன்ஜன், டன்ஜன்' எனக் கூவி மகிழ்ந்தனர். மாகி கதையில் பெருஞ்செல்வமும் ஜின்னும் மறைந்துறையும் விந்தைக் கட்டடத்திற்கு அதுவே பெயர். உடன் வந்த மூத்த பேராசிரியரோ அலிபாபா குகையின் மந்திரச் சொல்லை உரக்கச் சொன்னார். ஒரே கதையின் இரு கிளைகளைத்தான் தாம் பற்றி நிற்கின்றோம் என்பதை இருவரும் அப்போது அறிந்திலர்.

மாகியில் அலிபாபா விறகு வெட்டியல்லன். ஓர் அரசனுக்கும் சேரிப்பெண்ணுக்கும் பிறந்தவன். மூலக் கதையில் பேராசையால் குகைக்குள் மாண்ட அண்ணன் காசிம், இங்கே அவனுடன் சேரியில் உடன்பிறப்பைப்போல் வளர்ந்து திருட்டுக் கூட்டத் தலைவனாகிறான். அண்ணனையும் திருடர் தலைவனையும் ஒரே பாத்திரமாக்கிய திறம் பாராட்டத்தக்கது. வறுமையே ஒருவனைத் திருடனாக்குகிறது என்ற கருத்து அதனால் வலுப்பெறுகிறது.

அடிமைப் பெண்ணைப் பார்ப்போம். அரபியில் 'மர்ஜான்' என்பது பவளம். திருமறையின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் முத்துடன் சேர்த்துச் சொல்லப்படும் சொல் அது. அப்பெயரே மர்ஜானா, மர்ஜியானா என வழங்குகிறது. காலாந்தின் கதையில் அவள் தன் கூர்மதியால் வீட்டைக் காத்து, கத்தியேந்தி நடனமாடிக் கள்வனைக் கொல்கிறாள். விடுதலையும் மருமகள் உரிமையும் பரிசாகப் பெறுகிறாள். மாடர்ன் தியேட்டர்ஸ் படம் அவளைக் கதைத்தலைவியாக்கிக் காதலும் பாடலும் தந்தது. நாயகனுக்கு இணையான பானுமதியின் மிடுக்கு இல்லையேல் அப்படம் பாதிச் சுவை இழந்திருக்கும். ஜப்பானியப் படைப்பில் அவள் காலில் விலங்கு பூண்ட சிறுமியாக அறிமுகமாகி, விலங்கு நீங்கிய பின்னர் தன் இனத்தையும் நாட்டையும் தேடிச் செல்கிறாள். அவளது வலிமை ஆடலில் இல்லை, கால்களில் உள்ளது. விடுதலை பெற்றவள் அடுத்து எங்கே போவாள் என்ற வினாவை மற்ற இரு வடிவங்களும் எழுப்பவில்லை.

நம் பெரியோர்க்கு மனத்தடை ஏற்படும் இடம் ஒன்றுண்டு. மாகியில் 'சாலமன்' என்னும் மன்னனும் அவனுக்குக் கட்டுப்பட்ட 72 ஜின்களும் வருகின்றனர். நபி சுலைமான் (அலை) அவர்களைக் கற்பனைப் பாத்திரமாக்குவதா என்ற மனவருத்தம் இயல்பானதே. அதனை எள்ளுதல் கூடாது. இறையாணையால் ஜின்கள் அவர்களுக்குப் பணிசெய்தமையைத் திருமறை கூறும். 72 என்ற எண்ணும், ஆமோன், சகான் முதலிய பெயர்களும் அங்கு இல்லை. அவை 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மாந்திரிக நூல் மரபிலிருந்து எடுக்கப்பட்டவை. கதை நிகழ்வதும் நம் உலகன்று. ஆசிரியர் புனைந்த வேறோர் உலகு. வீட்டில் பிள்ளைகளிடம் இவ்வேறுபாட்டைப் பிரித்துச் சொல்லிவிட்டால் கதை கதையாகவும் மறை மறையாகவும் நிற்கும். புத்தகத்தைப் பிடுங்கிவிட்டால் அவ்வேறுபாடு என்றுமே அவர்களுக்குத் தெரியாமற் போகும். அனைத்தும் சிறார்க்குரியன என எண்ணுவதும் பிழை. தெசுகா 1969இல் ஆக்கிய 'ஆயிரத்தோர் இரவுகள்' அசைவூட்டப் படம் வயது வந்தோர்க்கென்றே எடுக்கப்பெற்றது.

பிறமொழிக் கதையைத் தமிழாக்கிக் கொள்ளுதல் நம் முன்னோர்க்குப் புதிதன்று. கிஸ்ஸா, நாமா, மசலா, படைப்போர் எனும் இலக்கிய வகைகள் அவ்வாறு வந்தவையே. உமறுப்புலவர் அரபு மண்ணைத் தமிழ் நிலமாகப் பாடினார். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் பாரசீகத்திலிருந்து 'தாமிரப் பட்டணம்' என்ற உரைநடைக் கதையை அரபுத் தமிழில் ஆக்கினார். ஆயிரத்தோர் இரவுகளிலும் அப்பட்டணத்தின் கதை உண்டு. சுலைமான் நபி ஜின்களை அடைத்துவைத்த கலங்களைத் தேடிச் செல்வோர் அதனைக் காண்பதாக அங்கு வரும். ஜப்பானியர் கைக்கொண்ட கதைக்கடலில் நம்மவர் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே முகந்திருக்கின்றனர்.

மங்காவை வலப்புறமிருந்து இடப்புறமாகப் படிக்கவேண்டும் என்பது மற்றவர்க்கு முதலில் இடராகத் தோன்றும். மதரசாவில் ஓதிய பிள்ளைக்கு அது இடரன்று. நம் மாணவருள் படம் வரைய வல்லார் சிலர் உளர். தாமிரப் பட்டணத்தைக் கட்டம் கட்டமாக வரைய அவர்கள் முற்படின், தமிழ் எழுத்தை நோக்கி இடப்புறமிருந்து தொடங்குவதா, ஆலிம் அவர்களின் அரபுத் தமிழ்ச் சுவடியை நோக்கி வலப்புறமிருந்து தொடங்குவதா என்பதே முதலில் முடிவுசெய்ய வேண்டியதாக இருக்கும்.