பளபளப்பு ஆசை ஜெயிலில் தள்ளும்! கைத்துப்பாக்கிக்குப் பாலீஷ் போட்டால் வரும் வம்பு

சேத்தியாத்தோப்பு:
குத்துவிளக்கு கறுத்துப் போனால் புளி போட்டுத் தேய்க்கலாம். சைக்கிள் ஹேண்டில்பார் துருப்பிடித்தால் பட்டறையில் கொடுத்து நிக்கல் பாலீஷ் போடலாம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் லைசென்சு வாங்கி வைத்திருக்கும் கைத்துப்பாக்கியைப் பட்டறையில் கொடுத்து அப்படித் தேய்த்தால்...? கொடுத்தவரும் மாட்டுவார். தேய்த்தவரும் மாட்டுவார்!

ஒரு பக்கம் வெள்ளாறு. இன்னொரு பக்கம் வீராணம் ஏரி. சுற்றிலும் நெல், கரும்பு. கிழக்கே போனால் கடல். சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் இரும்புச் சாமான் எதையும் ஈரக்காற்று சும்மா விடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டால் போதும், துரு பூத்துவிடும். அரிவாளும் ஒன்றுதான், துப்பாக்கியும் ஒன்றுதான்.

உறையே எதிரி

துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் அதைத் தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டி விடுகிறார்கள். பத்திரம் என்று நினைப்பு. ஆனால் தோல் ஈரத்தை உறிஞ்சிக் கொள்ளும். தோல் பதனிடும்போது சேர்ந்த ரசாயனமும் அதில் இருக்கும். இரண்டும் சேர்ந்து இரும்பை அரிக்கும். எடுத்துப் பார்த்தவர் கை வியர்வையில் உள்ள உப்பு வேறு. விரல் பட்ட இடத்தில் விரல் ரேகை மாதிரியே துரு பிடிப்பதும் உண்டு!

தேர்தல் அறிவிப்பு வந்து போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும்போதுதான் பலருக்கு பீரோ ஞாபகம் வருகிறது. திறந்து பார்த்தால் பொட்டுப் பொட்டாகத் துரு. உடனே ஒரு யோசனை.

"அண்ணே, இத கொஞ்சம் தேச்சு, நிக்கல் போட்டு, புதுசு மாதிரி ஆக்கிக் குடுங்க. எவ்வளவு ஆகும்?"

"அதுக்கென்ன, சாயங்காலம் வந்து வாங்கிக்கிங்க!"

இந்த இரண்டு வார்த்தையில் இரண்டு பேர் தலையிலும் கத்தி தொங்க ஆரம்பித்து விடுகிறது.

கறுப்பு நிறம் எதற்கு?

கைத்துப்பாக்கியின் கருநீல நிறம் பெயிண்ட் அல்ல. அதுவும் ஒரு வகைத் துருதான்! சிவப்புத் துரு இரும்பைத் தின்னும். கறுப்புத் துரு இரும்போடு ஒட்டிக் கொண்டு, தடவிய எண்ணெயைப் பிடித்து வைத்துக் கொள்ளும். தொழிற்சாலைகளில் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கொதிக்கும் கரைசலில் எஃகை முக்கி இந்தக் கறுப்பை ஏற்றுகிறார்கள். 'புளூயிங்' என்று பெயர்.

இந்தப் படலம் மிக மெல்லியது. உப்புத்தாளைப் போட்டு நாலு இழுப்பு இழுத்தால் போய்விடும். பாலீஷ் சக்கரத்தில் பிடித்தால் அதோடு இன்னொன்றும் போய்விடும். அதுதான் துப்பாக்கியில் குத்தியிருக்கும் நம்பர்!

நம்பர் போனால்...

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவு, துப்பாக்கியில் உள்ள பெயர், நம்பர், அடையாளக் குறி எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது. அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவரே அழித்தார் என்று கோர்ட்டு எடுத்துக் கொள்ளும். "நான் அழிக்கலைங்க, பட்டறையில தேஞ்சு போச்சு" என்றால் மட்டும் போதாது. அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும்!

பட்டறைக்காரர் கதை அதைவிட மோசம். துப்பாக்கி தயாரிக்க, விற்க மட்டுமல்ல, ரிப்பேர் செய்யவும் தனி லைசென்சு வேண்டும் என்பது 5-வது பிரிவு. அது இல்லாத பாலீஷ் பட்டறையில் துப்பாக்கி இருந்தால், 'வேலைக்கு வந்த சாமான்' என்ற பேச்சு எடுபடாது.

ரிப்பேருக்காக இன்னொருவர் மூலம் கொடுத்து அனுப்புவதற்கும் விதி உண்டு. லைசென்சுதாரர் கூடவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்து மூலம் அனுமதி கொடுக்க வேண்டும். "பையன்கிட்ட குடுத்து விடுறேன்" என்பது நடக்காது.

அழித்தாலும் பேசும் இரும்பு

"நம்பரைத் தேய்த்து விட்டால் யாருக்குத் தெரியும்?" என்று திருட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவன் நினைக்கலாம். அதுவும் தப்புக் கணக்கு.

கணக்குப்பிள்ளை பேனாவை அழுத்தி எழுதினால் அடுத்த தாளிலும் தடம் விழும் அல்லவா? அதே போலத்தான். நம்பரை ஓங்கிக் குத்தும்போது எழுத்துக்கு அடியில் உள்ள உலோகமும் நசுங்குகிறது. மேலே தேய்த்தாலும் அடியில் நசுங்கியது அப்படியே இருக்கும். ஆய்வுக்கூடத்தில் அந்த இடத்தைச் சுத்தமாக்கி, அமிலக் கலவையைத் தடவுகிறார்கள். நசுங்கிய இடம் ஒரு மாதிரி அரிக்கும், நசுங்காத இடம் வேறு மாதிரி அரிக்கும். மறைந்த எண் மெல்ல எழுந்து வரும்! ரொம்ப ஆழமாகத் தேய்த்திருந்தால் மட்டும் கஷ்டம்.

இந்த மாதிரி வேலைகளில் சென்னைக்குப் பழைய பெருமை உண்டு. குற்ற வழக்குகளுக்கான ரசாயன ஆய்வுக்கூடம் இந்தியாவிலேயே முதன்முதலாக 1849-ல் தொடங்கப்பட்டது இங்கேதான்.

உயிருக்கும் ஆபத்து

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கைத்துப்பாக்கிக்குள் விசையும் சுத்தியலும் கொக்கி போட்டுப் பிடித்துக் கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மயிரிழை அளவு கூடக் குறைய வேண்டாத இடம். 'வழவழப்பாக்குகிறேன்' என்று அதைத் தேய்த்தால் பிடி நழுவும். கீழே விழுந்தாலே குண்டு பாயலாம்!

முலாமும் அப்படித்தான். முலாம் பூசும் தொட்டியில் ஸ்பிரிங்கைப் போட்டால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை முறுகலாக்கி விடும். பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஒரு நாள் பட்டென்று ஒடியும்.

என்ன செய்யலாம்?

தோல் உறையிலிருந்து எடுத்து, குண்டு இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்து, மென்மையான துணியால் துடைத்து, லேசாகத் துப்பாக்கி எண்ணெய் தடவினாலே போதும். மழை மாதங்களில் அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும். துரு ஆழமாக இறங்கியிருந்தால் ரிப்பேர் லைசென்சு உள்ள கடைக்குத்தான் போக வேண்டும். வேலைக்குக் கொடுக்கும் முன் நம்பரை லைசென்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ரசீதில் எழுதி வாங்கிக் கொள்வது புத்திசாலித்தனம். திரும்ப வாங்கும்போதும் அதே நம்பர் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வைத்திருக்க விருப்பமே இல்லை என்றால் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்சு பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சாதாரணமாக ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. முன்பு 3 வரை அனுமதி இருந்தது.

தாத்தா காலத்துத் துப்பாக்கி கொஞ்சம் மங்கலாக இருந்தால் குடியொன்றும் முழுகிவிடாது. நம்பர் தெரிந்தால் போதும். பளபளப்புத்தான் வேண்டும் என்றால், வீட்டில் குத்துவிளக்கு இருக்கவே இருக்கிறது!